பெரியத்தான் அல்லது சின்னத்தான்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அறைக்கதவு வழியாக வந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில் பெரியத்தான் உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "மச்சான், நடந்ததை நடந்தபடி எழுதிடு. நம்ம பக்கம்தான் நியாயம்னு நாலு பேருக்குத் தெரியணும்" என்றார். அவர் எழுந்து போன நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் சின்னத்தான் வந்தார். கதவைச் சாத்தினார். அதே வாக்கியத்தை, கொஞ்சம் மெல்லிய குரலில், சொல் மாறாமல் சொன்னார். அந்த 'நம்ம பக்க'த்தில் நான் எப்போது வந்து சேர்ந்தேன் என்று இருவரிடமும் கேட்கவில்லை.

பெரியத்தான் என் பெரியக்காவின் கணவர். சின்னத்தான் சின்னக்காவின் கணவர். இருவரும் ஒருவரையொருவர் 'சகலை' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அக்காள் தங்கையைக் கட்டியவர்களுக்குத் தமிழ் கொடுத்த சொல் அது. மூத்தவருக்கும் அதே சொல், இளையவருக்கும் அதே சொல். உறவுமுறையில் இவ்வளவு சமமான சொல் கிடைப்பது அரிது. அப்படியொரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இவர்கள் இதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் எழுத்தாளன் இல்லை. ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறேன். பிறர் எழுதியதில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. இதுவரை சொந்தமாக எழுதிப் பொது மக்களின் பார்வைக்கு வந்த ஒரே படைப்பு, சின்னக்கா வீட்டு வாசலில் தொங்கும் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' என்ற பலகை. இந்தக் கதையில் வரும் வண்டி அதன் முன்னால்தான் நிறுத்தப்பட்டிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

உச்சி வெயிலில், நெடுஞ்சாலையில், ஒரு ரோடு ரோலர் தன்னந்தனியாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் மேலே அமர்ந்திருந்தவரின் கன்னத்தில் கண்ணீர்

பெரியத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, அது கண்ணீர் இல்லை, வியர்வை என்றார். விட்டுவிட்டேன். அடுத்தது:

இணையுரிமை என்பது ஒரு பொருளின்மீது ஒன்றுக்கு மேற்பட்டோர் கொண்டிருக்கும்

இது சின்னத்தானுக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. அதையும் விட்டுவிட்டேன். மூன்றாவது தொடக்கத்தைத்தான் நீங்கள் படித்து முடித்திருக்கிறீர்கள்.

2

ரோடு ரோலர் என்றேனே, அதைப் பற்றி.

பெரியத்தான் வேலை பார்த்த சாலைக் கம்பெனி அதைக் கழித்துக் கட்டியபோது, பெரியத்தானால் தாங்க முடியவில்லை. பாதி ஆயுளை அதன் மேல் உட்கார்ந்தே கழித்தவர். அதன் இரைச்சலில் பாதிக் காதையும் கொடுத்தவர். "வேற எவனோ ஓட்டுறதைப் பார்த்துட்டு நான் ரோட்டோரமா நடந்து போகணுமா" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டார். வாங்கத் தனியாகத் தெம்பில்லை. சின்னத்தான், அவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர், மூக்கில் சரியாக உட்காராத ஃபிரேமை வளைத்து உட்கார வைப்பதில் கெட்டிக்காரர், மெதுவாகச் சொன்னார்: "பாதி நான் போடுறேன் சகலை. நீங்க ஓட்டுங்க. நான் வேலை பிடிச்சுத் தர்றேன்."

அப்படித்தான் அது குடும்பத்துக்குள் வந்தது. நடந்து போகிறவர்கள் அதை முந்திப் போவார்கள். சின்னக்கா அதற்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. "பெரியத்தான் அவசரத்துல போயிருக்கார், சாயங்காலம்தான் வருவார்" என்று எங்கள் வீட்டில் யாராவது சொன்னால் அதில் எந்த முரணும் இல்லை.

பதிவு செய்யப் போனபோது, வாகனப் பதிவு அலுவலகத்தின் கவுண்டரில் இருந்த அம்மா இருவர் பெயரையும் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன போடட்டும்?"

"நடுவுல என்ன, ஒண்ணும் இல்ல. நாங்க சகலைங்க" என்றார் பெரியத்தான்.

"அது இல்லீங்க. 'உம்' போட்டா எது செய்யவும் ரெண்டு பேரும் வந்து கையெழுத்துப் போடணும். 'அல்லது' போட்டா யாராவது ஒருத்தர் போதும். விக்கிறதா இருந்தாலும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. "அல்லதுவே போடுங்க" என்றார் பெரியத்தான். "சகலை வந்தா என்ன, நான் வந்தா என்ன" என்றார் சின்னத்தான்.

(இடையில் பிழைதிருத்துபவன் கொஞ்சம் பேசுவான். பொறுமையில்லாதவர்கள் அடைப்பைத் தாண்டிக் குதித்துவிடலாம். 'உம்' தனியாக நிற்கத் தெரியாத சொல். பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும்: பெரியத்தானும் சின்னத்தானும். பிள்ளைகளுக்கு மிட்டாய் பிரிப்பது மாதிரி, ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கும் கொடுத்தாக வேண்டும். 'அல்லது' அப்படி இல்லை. இரண்டு பெயருக்கும் நடுவில் காவல்காரர் போலத் தனியாக நிற்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு 'அல்ல' இருக்கும். பெரியத்தான், அவர் அல்லாத பட்சத்தில் சின்னத்தான். பேச்சில் இந்தச் சொல்லை யாரும் வைத்துக்கொள்வதில்லை. 'டீ இல்லன்னா காபி' என்போமே தவிர, 'டீ அல்லது காபி' என்று கேட்கிறவர் வீட்டில் எதையும் குடிக்கத் தோன்றாது. ஆனால் 'அல்லது'வின் சார்பில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'உம்' போடுவதற்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தால் போதும். 'அல்லது' போட நிறைய நம்பிக்கை வேண்டும்.)

3

சண்டை எப்படி வந்தது என்பதற்கு என்னிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன.

பெரியத்தான் பிரதி: ஒரு பள்ளிக்கூட மைதானத்தைச் சமப்படுத்தும் வேலை. அதற்காக அவசரத்தை ஓட்டிக்கொண்டு போகிறார். போன் வருகிறது. சகலை. எடுத்ததும் சகலை சொல்கிறார்: "எங்க வண்டி." பெரியத்தானுக்கு நெஞ்சில் உருளை ஏறியது போலிருக்கிறது. போனை வைத்துவிடுகிறார்.

"புரியுதா மச்சான்? நம்ம வண்டின்னு சொல்லல. எங்க வண்டின்னு சொல்றார். என்கிட்டயே. அப்ப நான் யாரு?"

எனக்குப் புரிந்தது. நம்ம வண்டி என்றால் கேட்கிறவரும் உள்ளே. எங்க வண்டி என்றால் கேட்கிறவர் வெளியே. ஒரே சொல்லில் ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடலாம்.

சின்னத்தான் பிரதி: நேற்றுவரை நன்றாக இருந்த சகலை திடீரென்று வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டார். வேலை முடிந்ததும் அவசரத்தைக் கொண்டுவந்து சின்னத்தான் வீட்டு வாசலை அடைத்து நிறுத்துகிறார். இறங்குகிறார். போய்விடுகிறார். டீ குடிக்கக் கூப்பிட்டாலும் காது கேட்காத மாதிரி போகிறார். "அவருக்கு நிஜமாவே பாதி கேக்காது. அதனால கோபமா, கேக்கலையான்னு கண்டுபிடிக்கறதுக்கே ஒரு வாரம் போயிடுச்சு" என்றார்.

வாசல் கதவு ஒரு முழங்கை அளவுக்குத்தான் திறந்தது. சின்னக்கா கடையிலிருந்து வந்தால் முதலில் பையை உள்ளே தள்ளுவாள். பிறகு தன்னைத் தள்ளிக்கொள்வாள். சின்னத்தானுக்கு மெல்ல மெல்ல உள்ளே கொதித்தது. கொதிப்பதிலும் அவர் சத்தம் போடுவதில்லை.

இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். காகிதத்தில் அவர்கள் வேண்டாமென்று சொன்ன 'உம்' இப்போது முகத்தில் வந்து உட்கார்ந்தது. பெரியத்தானும் உம்மென்று இருந்தார், சின்னத்தானும் உம்மென்று இருந்தார்.

பிறகு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அவசரத்தை விற்றார்கள்.

விற்க முடியும் அல்லவா. ஒருவர் போதும் என்றுதான் எழுதியிருக்கிறதே. பெரியத்தான் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் விற்றார்; ஓட்டுநராகத் தன்னையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. சின்னத்தான் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரிடம் விற்றார். வாசலை விட்டு எடுத்தால் போதும் என்பது நிபந்தனை. இருவரும் ஒரே நாள் காலையைக் குறித்துக் கொடுத்தார்கள். கதையில் இப்படி வந்தால் நானே ஓரத்தில் கேள்விக்குறி போடுவேன். ஆனால் அலுவலகத்தில் பெயர்மாற்றம் வாரத்தில் ஒரு நாள்தான். வேறு நாள் இருந்தால் வேறு நாள் குறித்திருப்பார்கள்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மீது சந்தேகம். பழைய இரும்புக் கடைக்காரர்.

அவசரத்தைப் பார்க்க வந்த அன்று அவர் அதை அளவு எடுத்தார். டேப்பை உருளையைச் சுற்றிப் போடும்போது, தையற்காரர் வயிற்றை அளக்கும்போது செய்வாரே, அது போல "ஒரு நிமிஷம்" என்று வண்டியிடமே சொன்னாராம். சின்னக்கா ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள். என் முதல் வரைவில் அவரை முறுக்கு மீசையும் கரகர குரலுமாக மாற்றினேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று பட்டது. எழுதிய ஒவ்வொரு வரியும் பொய்யாக நெளிந்தது. திரும்பவும் மீசையை மழித்து, டேப்பைக் கையில் கொடுத்துவிட்டேன். அவர் அப்படித்தான் இருந்தார். நான் என்ன செய்ய.*

* ஒப்பந்தக்காரர் மீது எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அவர் கதை முழுக்கப் போனில் இருப்பார்.

இதற்குள் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: அக்காக்களுக்குத் தெரியாதா?

அந்தக் காலையில் பெரியக்கா எனக்குப் போன் செய்தாள்.

"தம்பி, உடனே கிளம்பு. ரெண்டு அத்தானும் ஒரே வண்டியை வித்துட்டாங்க."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரமே தெரியும்."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"ம்" என்றாள்.

(எந்த அகராதியிலும் அந்த 'ம்'முக்குச் சரியான பொருள் இல்லை. நான் தேடிவிட்டேன்.)

5

அன்று காலை சின்னத்தான் வாசல் கதவைத் தள்ளியபோது அது முழுசாகத் திறந்தது. முதலில் அவருக்குச் சந்தோஷமாக இருந்ததாம். கையை வீசிக்கொண்டு இரண்டு முறை வெளியே போய் உள்ளே வந்து பார்த்திருக்கிறார். அப்புறம்தான் உறைத்தது. கதவு திறக்கிறது என்றால் வண்டி இல்லை. பீரோவிலிருந்து அவசரத்தின் பதிவுப் புத்தகத்தை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஓட்டமாக ஓடினார்.

தெருமுனையிலேயே அவசரம் போய்க்கொண்டிருந்தது. ஓடியிருக்கத் தேவையே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது இதுதான் காட்சி. மேலே பெரியத்தான், நேராகப் பார்த்தபடி, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கீழே சின்னத்தான், பக்கவாட்டில், காலை எட்டிக்கூட வைக்காமல் கூடவே நடந்துகொண்டிருந்தார். பின்னால் கார்களின் வரிசை. அதில் ஒரு ஐஸ்கிரீம் வண்டி. அதன் ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, உருகுகிறது, உருகுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மறுபக்கமாக நடக்க ஆரம்பித்தேன்.

"சகலை, எங்க போறீங்க?" என்றார் சின்னத்தான்.

"என்ன?"

"எங்க போறீங்கன்னு கேட்டேன்."

பெரியத்தான் முகம் சிவந்தது. "எங்க, எங்க. உங்க வாயில இந்த 'எங்க'வைத் தவிர வேற ஒண்ணும் வராதா?"

"வேற எப்படிக் கேக்குறது? எங்க போறீங்கன்னா எங்க போறீங்கன்னுதானே கேக்கணும்."

பெரியத்தான் இன்ஜினை நிறுத்தினார். பின்னால் ஹாரன்கள் ஒலித்தன. அவருக்கு அவை பாதிதான் கேட்டிருக்கும்.

"அன்னைக்கும் இதைத்தான் கேட்டீங்க" என்றார்.

"என்னைக்கு?"

"பள்ளிக்கூட மைதானத்து வேலைக்குப் போய்க்கிட்டிருந்தப்ப. போன் பண்ணி, எங்க வண்டின்னீங்க."

"ஆமா. பள்ளிக்கூடத்து ஆளு கேட்லேர்ந்து போன் பண்ணி வண்டியக் காணோம்னு சொன்னான். எங்க வண்டின்னு உங்களைக் கேட்டேன். வண்டி எங்க இருக்குன்னு."

இன்ஜின் சூட்டில் ஏதோ டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"அது கேள்வியா?" என்றார் பெரியத்தான்.

"கேள்விதான்."

"கேள்வின்னா முடிவுல ஒரு இழுப்பு இருக்கணும் சகலை."

"இழுத்தேன். உங்களுக்குக் கேட்டிருக்காது. வண்டி ஓடிக்கிட்டு இருந்திருக்கும்."

இங்கேயே கதை முடிந்திருக்கலாம். ஐஸ்கிரீம்காரரும் அதைத்தான் விரும்பினார். பெரியத்தான் கீழே இறங்க ஒரு காலைத் தூக்கினார். என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்தில் சின்னத்தான் நிம்மதியில் மூச்சை விட்டு, சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டார்.

"நல்லவேளை. நான் வண்டியை வேற வித்துட்டேன் சகலை. போய்ச் சொல்லி நிறுத்திடலாம்."

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. "நீங்களுமா? யாருக்கு?"

"பழைய இரும்புக் கடைக்காரருக்கு."

"இரும்புக்கா?"

"அவர் நல்ல மனுஷன் சகலை."

பெரியத்தான் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். இன்ஜினை எழுப்பினார். "நான் முதல்ல போறேன்" என்று சத்தமாகச் சொன்னார். "யார் முதல்ல போய்ப் பதியிறாங்களோ அவங்களுது. அதுதானே உங்க அல்லது."

அவசரம் புறப்பட்டது. சின்னத்தானும் புறப்பட்டார். அவருக்கும் ரோஷம் உண்டு. நாலு எட்டில் அவசரத்தைத் தாண்டி, வளைவில் திரும்பி, கண்ணுக்கு மறைந்தார்.

(எனக்கு ஒரு துரத்தல் காட்சி எழுத வேண்டும் என்று நீண்டநாள் ஆசை. இவ்வளவு மெதுவாக அமையும் என்று நினைக்கவில்லை.)

நான் பெரியத்தானோடு நடந்தேன். வெயில் ஏறியது. மேம்பாலத்தின் கீழே போய்க்கொண்டிருந்தபோது எதிரில் சின்னத்தான் திரும்பி வருவது தெரிந்தது. கையில் மூடி போட்ட காகிதக் கோப்பைகள். ஒன்றை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றை மேலே நீட்டினார்.

"என்ன, முதல்ல போகலையா?" என்றார் பெரியத்தான்.

"போயிட்டேன். அந்தம்மா வண்டி எங்கன்னு கேட்டாங்க. பார்த்துதான் பதிவாங்களாம்." நீட்டிய கையை இறக்காமல், "வந்துக்கிட்டே இருக்குன்னேன்" என்றார்.

பெரியத்தான் டீயை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. ஆனால் குடித்தார். அதன்பிறகு மூவருமாக, அவசரத்தின் வேகத்தில், போட்டி போட்டுக்கொண்டு போனோம்.

6

அலுவலகத்தில் கவுண்டருக்கு முன்னால் ஒப்பந்தக்காரர் போனில் இருந்தார். பழைய இரும்புக் கடைக்காரர் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்வரிசை நாற்காலிகளில் என் இரண்டு அக்காக்களும், நடுவில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு. காரில் எங்களுக்கு முன்பே வந்துவிட்டார்கள். வழியில் எங்களை முந்திப் போனதாகவும், கையசைத்ததாகவும், ஒருவரும் கவனிக்கவில்லை என்றும் சின்னக்கா சொன்னாள்.

கவுண்டர் அம்மா ஜன்னல் வழியாக அவசரத்தைப் பார்த்தார். இரண்டு விற்பனைப் பத்திரங்களையும் பார்த்தார். பதிவைப் பார்த்தார்.

"அல்லதுன்னு இருக்கு. யார் வேணா விக்கலாம். ஒருத்தர் கையெழுத்துப் போதும்" என்றார். இரண்டு சகலைகளும் நிமிர்ந்தார்கள். "ஆனா வண்டியும் வேணும், புத்தகமும் வேணும்."

வண்டி பெரியத்தானிடம் இருந்தது. சாவியை இடுப்பில் செருகியிருந்தார். புத்தகம் சின்னத்தானிடம் இருந்தது. அக்குளில் இறுக்கியிருந்தார். அரசாங்கத்துப் பேனா 'அல்லது' என்று எழுதிய இடத்தில், அந்த அம்மாவின் வாயிலிருந்து இரண்டு 'உம்' விழுந்ததை அந்த அறையில் நான் ஒருவன்தான் கவனித்தேன். பிழைதிருத்துபவனுக்கு வாழ்க்கையில் இப்படிப்பட்ட நல்ல நேரங்கள் அதிகம் வாய்ப்பதில்லை.

"புத்தகத்தைக் கொடுங்க சகலை" என்றார் பெரியத்தான்.

"சாவியக் கொடுங்க சகலை" என்றார் சின்னத்தான்.

யாரும் கொடுக்கவில்லை. பெரியத்தான் திரும்பி அக்காவைப் பார்த்தார். "உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு உன்கிட்ட சொன்னேனே."

"நான் யார்கிட்டயும் சொல்லல. தங்கச்சிகிட்டதான் சொன்னேன்."

"அவ யாரும் இல்லையா?"

"அவ யாரோவா?" என்றாள் பெரியக்கா.

சின்னத்தான் மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு பேருக்கும் ரெண்டும் தெரிஞ்சிருக்கு. ஏன் தடுக்கல?"

சின்னக்கா பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டாள். "தடுத்தா ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்து உம்முனு இருப்பீங்க. இப்படி விட்டா எங்கயாவது ஓரிடத்துல பார்த்துப் பேசித்தானே ஆகணும். சண்டையாவது போடுவீங்கன்னு பார்த்தோம். பேச்சே இல்லாம இருக்கறதுதான் எங்களால முடியல. அக்கா வீட்டுக்கு நான் போறதில்ல, என் வீட்டுக்கு அக்கா வர்றதில்ல. போன்லயே எவ்வளவு நாள் இருக்குறது?"

ஒப்பந்தக்காரரே போனைக் காதிலிருந்து எடுத்தார்.

பழைய இரும்புக் கடைக்காரர்தான் முதலில் எழுந்தார். தன் பத்திரத்தை நான்காக மடித்துச் சின்னத்தானிடம் நீட்டினார். "நான் இரும்புதான் வாங்குறவன். சண்டையை விலைக்கு வாங்குறவன் இல்ல. வண்டிய வச்சுக்குங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "என்னைக்காவது அது ஓடாமப் போனா, வேற யாருக்கும் சொல்லாதீங்க. பேருக்கு நடுவுல 'பிறகு'ன்னு போட முடியுமாம்மா? இவங்க ரெண்டு பேரு, பிறகு நான்."

கவுண்டர் அம்மா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "'பிறகு' இதுல இல்லீங்க" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

ஒப்பந்தக்காரருக்கு வண்டியே தேவைப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாகன நிறுத்துமிடத்தைச் சமப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். பெரியத்தான்தான் விற்றே தீருவேன் என்று அவரை வாங்க வைத்திருக்கிறார். "வேலைய முடிச்சுக் குடுங்க, வாடகை வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டார்.

கதை முடிந்தது என்று நினைத்தேன். கவுண்டர் அம்மா விடவில்லை.

"அல்லதுவ 'உம்'மா மாத்தணும்னா இப்பவே மாத்திக்கலாம். மாத்த ஒருத்தர் கையெழுத்துப் போதும். மறுபடி அல்லதுவா மாத்தணும்னாதான் ரெண்டு பேரும் வரணும்."

சின்னத்தான் கவுண்டரில் கட்டியிருந்த பேனாவை எடுத்தார். பெரியத்தானின் முகம் தொங்கிப்போனது.

"நம்பிக்கை போயிடுச்சா சகலை?"

"உங்க மேல இல்ல சகலை" என்றார் சின்னத்தான். பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இரும்புக்கு வித்தது நான்தானே. என்கிட்டேர்ந்து வண்டியக் காப்பாத்தணும்ல."

பெரியத்தான் சின்னத்தானின் கையிலிருந்து பேனாவை உருவி, மூடியைப் போட்டு, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நூல் இழுத்துக்கொண்டு வந்தது.

"எழுதினது அப்படியே இருக்கட்டும்மா" என்றார்.

"இருக்கட்டும். அது ஆபீஸ் பேனா" என்றார் கவுண்டர் அம்மா.

7

இப்போது முடிவு. இதை எழுத உட்கார்ந்து பல நாளாகிறது.

அக்காக்கள் காரில் முன்னாலேயே போய்விட்டார்கள். எனக்குப் பதிப்பகத்தில் வேலை இருந்தது, அங்கிருந்தே பேருந்து ஏறினேன். ஆகவே அவசரம் வீடு திரும்பியதை நேரில் பார்த்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் இரண்டு கதை சொல்கிறார்கள்.

பெரியத்தான் சொல்வது: அலுவலகத்துக்கு வெளியே வந்ததும் சகலை ஒன்றும் பேசாமல் அவசரத்தின் பக்கவாட்டுப் படியில் ஏறி நின்றார். ஒரு கையால் கூரைக் கம்பியைப் பிடித்தார். மேம்பாலம் தாண்டியதும் இன்னொரு கையை என் தோளில் வைத்தார். வீடு வரைக்கும் எடுக்கவில்லை.

சின்னத்தான் சொல்வது: கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற ஒரு மனிதன் பட்டப்பகலில் ரோடு ரோலரில் தொற்றிக்கொண்டு போவானா? நான் பாட்டுக்கு முன்னால் நடந்து போனேன். அவர் பாட்டுக்குப் பின்னால் வந்தார். வீட்டுக்குள் வந்து டீ குடித்தார், அது உண்மை.

வரைவை இருவருக்கும் காட்டினேன். இருவர் ஒப்புதலும் வேண்டும் என்று நான்தான் முட்டாள்தனமாகச் சொல்லிவைத்தேன். இப்போது இதை எழுதும் நேரத்தில் இருவரும் என் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே காகிதத்தை இரண்டு ஓரத்தில் பிடித்துக்கொண்டு, கடைசி வரியைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் சத்தமாக. ஒருவர் மெதுவாக. பெரியத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து எதையோ சேர்க்கிறார். சின்னத்தான் பேனாவை வாங்கி, சேர்த்ததை மட்டும் அடிக்கிறார். "ஏன் சகலை, ஏறி நின்னதுல என்ன வெக்கம்?" "நின்னாத்தானே சகலை வெக்கப்பட."

அவர்கள் முடிக்கக் காத்திருந்தால் இந்தக் கதை அச்சுக்குப் போகாது. ஆகவே கடைசி வரியை உங்களிடம் கொடுக்கிறேன். ஒரு பிழை இருக்கிறது, தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். அடைப்புக்குறியை மட்டும் எடுப்பீர்களோ, உள்ளே இருப்பதையும் சேர்த்து எடுப்பீர்களோ, உங்கள் பாடு.

வெயில் சாய்ந்த நேரத்தில், ஒருவரும் அவசரப்படாமல், அவசரத்தில் வீடு போய்ச் சேர்ந்தார்(கள்).